கேள்வியின் முதல் வரியிலேயே விஷயம் இருக்கட்டும்

"மாமரத்தில் பிரச்சினை, அவசரம்" என்று மட்டும் தோட்டக்கலை அலுவலருக்கு எழுதினால் அவருக்கு எதுவும் புரியாது. கிருஷ்ணகிரிப் பக்கம் மா பூக்கும் தை, மாசியில் கேள்விகள் நிறைய வரும். முதல் வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: "போச்சம்பள்ளி, பெங்களூரா மா, 8 வயது மரம், பூ கருகிக் கொட்டுகிறது, இலையில் பிசுபிசுப்பு."

பிசுபிசுப்பு இருப்பது தெரிந்தாலே தத்துப்பூச்சியாக இருக்குமோ என்று அவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். அந்தப் பூச்சி பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற கழிவை வெளியேற்றும். அதன்மேல் கரும்பூசணம் படரும்.

நோயின் பெயரை நீங்களே முடிவு செய்து எழுத வேண்டாம், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். அதுதான் முக்கியம். அடித்த மருந்து, அடித்த தேதி, படம் எல்லாம் அப்புறம் கீழே சேர்த்தால் போதும்.