கிராங் ஆடுதா? முதலில் இடது பக்கத்தைப் பாருங்கள்

போன மாதம் அக்கா மகன் தன் பிஎம்எக்ஸ் சைக்கிளை லயத்து வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தான். "இறுக்க இறுக்க இன்னும் ஆடுது மாமா" என்றான். பார்த்தால், இடது பக்க நட்டைக் கடிகார முள் சுற்றும் திசையில் முழு பலத்தோடு திருப்பியிருக்கிறான். பயல் இறுக்கவில்லை, கழற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஒரே துண்டு கிராங்கில், அதாவது பெடல் மாட்டும் இரண்டு கையும் நடு அச்சும் ஒன்றாக இருக்கும் கிராங்கில், எல்லாரும் செய்கிற தவறு இது. இடது பக்க நட்டு, அதற்கு உள்ளே போல்ஸை (உருளும் இரும்புக் குண்டுகளை) அழுத்திப் பிடிக்கும் கோன், இடது பெடல் மூன்றுக்கும் மரை எதிர்ப்பக்கம். கடிகார முள் திசையில் சுற்றினால் கழலும், எதிர்த் திசையில் சுற்றினால் இறுகும்.

அடுத்தது சுத்தியல். பெரியவர்கள் ஓட்டும் பழைய சைக்கிளில் கிராங்கை அச்சோடு பிடித்து வைத்திருப்பது ஒரு பின், அது தளர்ந்தால் தட்டி இறக்குவார்கள். அதே பழக்கத்தில் இதையும் தட்டாதீர்கள். இதில் பின்னே கிடையாது, இரண்டு கையும் நடு அச்சும் வளைத்த ஒரே இரும்பு.

நட்டை மட்டும் இறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தப்பு. ஆட்டத்தை எடுப்பது கோன்தான், நட்டு வெறும் பூட்டு. செயினைப் பல்சக்கரத்திலிருந்து இறக்கிவிட்டு, நட்டைத் தளர்த்தி, கோனில் இருக்கும் வெட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெதுவாக இறுக்குங்கள். இடையிடையே பெடல் பக்கமாகக் கிராங் கையைப் பிடித்து ஃப்ரேமை நோக்கி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றதும் நிறுத்தி, ஒரு இம்மி பின்னால் விடுங்கள், ஏனென்றால் நட்டை இறுக்கும்போது கோனும் கொஞ்சம் அழுந்தும். கடைசியில் கிராங்கைச் சுண்டிவிட்டால் உள்ளே எதுவும் கரகரக்காமல் தானாகச் சுற்றி நிற்க வேண்டும். நட்டுக்கும் கோனுக்கும் நடுவில் ஒரு பல் வைத்த வொஷர் இருக்கும், அந்தப் பல் அச்சில் உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். அது தொலைந்து போச்சு என்று விட்டுவிட்டால் நட்டோடு கோனும் சேர்ந்து சுற்றும், எத்தனை தடவை சரிபார்த்தாலும் நிற்காது.

இப்போது எண்ணெய் விஷயம். இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கம் மே மாதத்திலிருந்து மழை பிடித்தால் சேறும் தண்ணீரும் நேராகக் கிராங் நுழையும் ஓட்டைக்குள்தான் போகும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் குளிரில் போத்தலிலேயே உறைந்து வெள்ளையாகிற எண்ணெய் போல்ஸுக்கு என்ன செய்யும்? இடது பெடலைக் கழற்றி, நட்டு, வொஷர், கோன், போல்ஸ் கூடு என்று வரிசையாக எடுத்துவிட்டு, கிராங்கைச் சாய்த்து செயின் பக்கமாக வெளியே இழுங்கள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து நல்ல கிரீஸ் வையுங்கள். கழற்றும்போது கூடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், திருப்பிப் போட்டால் போல்ஸ் சரியாக உட்காராது, இறுக்கினாலும் கரகரக்கும். கோனில் புள்ளிப்புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் கிரீஸ் காப்பாற்றாது, கோனையே மாற்றுங்கள்.

ஃப்ரேமில் பதிந்திருக்கும், போல்ஸ் உட்காரும் கிண்ணம் மாதிரியான கப்புக்கு மரை கிடையாது, அதைத் திருகிக் கழற்றப் பார்க்காதீர்கள். அந்தக் கப்பே ஓட்டைக்குள் ஆடினால் கோனை எவ்வளவு இறுக்கினாலும் பிரயோசனமில்லை.

பெடல் வாங்கும்போதும் கவனம். இந்தக் கிராங்குக்கு அரை அங்குல மரை. மற்ற சைக்கிள்களின் பெடல் பெரும்பாலும் 9/16 அங்குலம், அதைப் பலவந்தமாகத் திருகினால் கிராங்கின் மரை போய்விடும்.

மருமகனுக்குச் சரியாக்கிக் கொடுத்து, மூன்று நாள் ஓடிய பிறகு கொண்டுவரச் சொன்னேன். ஃபெக்டரி ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கிறவன் அவன். நட்டு கால் சுற்று தளர்ந்திருந்தது, ஸ்பேனரை அவன் கையிலேயே கொடுத்தேன். இந்தத் தடவை எதிர்த் திசையில்தான் திருப்பினான்.