ஊக்கமருந்துச் சோதனை: கடலூர், புதுச்சேரி ஷட்டில் ஆட்டக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

உப்பளம் உள்விளையாட்டரங்கிலும் கடலூர் அண்ணா விளையாட்டரங்கிலும் பழகிவிட்டு மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று கிளம்புகிறவர்கள், ராக்கெட்டில் கம்பியை எத்தனை பவுண்டு இழுத்துக் கட்டியிருக்கிறது என்று சட்டெனச் சொல்வார்கள். போன வாரம் இருமலுக்குக் குடித்த சிரப்பின் பெயரைக் கேட்டால் முழிப்பார்கள். சோதனை அறையில் கேட்கப்படுவது அந்த சிரப்பைப் பற்றித்தான்.

"அதெல்லாம் பளு தூக்குறவங்க சமாச்சாரம், ஷட்டிலுக்கு எதுக்கு?" என்ற பேச்சு 2014-லேயே அடிபட்டுப் போனது. அந்த ஆண்டு கோபன்ஹேகன் உலக சாம்பியன்ஷிப்பில் மலேசியாவின் லீ சோங் வெய் கொடுத்த மாதிரியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இருந்தது. அவர் சாப்பிட்ட கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சைச் சத்து மாத்திரையின் ஜெலட்டின் உறையிலிருந்து அது வந்திருக்கலாம் என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஏமாற்றும் நோக்கம் இல்லை, ஆனால் கவனக்குறைவு என்று 8 மாதத் தடை விதித்தது. வெள்ளிப் பதக்கமும் போயிற்று. உடம்பில் என்ன இருந்தாலும் அதற்குப் பொறுப்பு ஆட்டக்காரர்தான். டாக்டர் கொடுத்தார், கோச் சொன்னார் என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது.

மருந்துக்கடையும் கிளினிக்கும்

நம் பக்கம் ஆபத்து ஜிம்மில் இருப்பதைவிட மருந்துக்கடையில் அதிகம். "அண்ணே, உடம்பு வலி, ஒரு வேளைக்கு மாத்திரை குடுங்க" என்றால் நாலு அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அந்தச் சின்ன மாத்திரைகளில் ஒன்று டெக்ஸாமெத்தசோனாகவோ பீட்டாமெத்தசோனாகவோ இருக்கலாம். வெட்டிய துண்டில் பெயர் தெரியாது, பில்லும் இருக்காது. பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. முழு அட்டையாக, பில்லோடு வாங்குங்கள். மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வையுங்கள். நாடா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் ஒவ்வொரு மூலப்பொருளையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள்.

இருமல் சிரப்பில் பார்க்க வேண்டிய பெயர் டெர்புட்டலின். இந்தியாவில் பல சிரப்புகளில் புரோம்ஹெக்சின், குவைஃபெனசின் இரண்டோடும் இது சேர்ந்து வருகிறது. அந்த இரண்டும் பரவாயில்லை. டெர்புட்டலின் ஆண்டு முழுவதும் தடை. மூச்சிரைப்புக்குத் தரும் சால்பியூட்டமாலை சிரப்பாகவோ மாத்திரையாகவோ எடுப்பதும் தடைதான். இன்ஹேலரில் மட்டும் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் போகாமல் அனுமதி உண்டு. ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம் என்றால் 8 மணி நேரத்துக்கு ஆறு அழுத்தல்தான்.

சளி மாத்திரையில் சூடோஎபெட்ரின் இருந்தால் போட்டி நாட்களில் தொடாதீர்கள், ஃபீனைல்எஃப்ரின் தடையில்லை. வலிக்கு டிராமடால் 2024 முதல் போட்டிக்காலத் தடையில் வந்துவிட்டது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போடலாம். போட்டிக்காலம் என்பது ஆட்டத்துக்கு முந்தைய இரவு 11.59-க்கே தொடங்கிவிடுகிறது. பல பெற்றோர் தவறவிடும் கணக்கு இது.

தோள்பட்டைக்கும் முழங்காலுக்கும் ஸ்டீராய்டு ஊசி போடுவது தனிக் கதை. மூட்டில் போட்ட ஊசி மருந்து பெரும்பாலும் 3 நாளில் உடம்பை விட்டுப் போகும் என்பது கணக்கு, போட்டிக்கு அவ்வளவு நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். டிரையாம்சினலோன் என்றால் 10 நாள். அதே டிரையாம்சினலோனைத் தசையில் போட்டால் 60 நாள். ஊசி போடும்போதே மருந்தின் பெயர், அளவு, எந்த இடத்தில் போட்டது என்று எழுதி வாங்குங்கள். தோலில் தடவும் ஸ்டீராய்டு களிம்புக்குத் தடை இல்லை.

"ரொம்ப டயர்டா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்பது சித்திரை வெயிலில் தெருமுனை கிளினிக்குகளில் தினமும் கேட்கும் வாசகம். 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது எந்த நாளிலும் விதிமீறல். பாட்டில் 500 மி.லி. உள்ளே போனது வெறும் உப்புத் தண்ணீர் என்பது வாதமாகாது. மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை தந்தால் விலக்கு உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள். வெறும் களைப்புக்கு ஓ.ஆர்.எஸ். குடித்தால் போதும்.

கசகசாவிலும் தடைப்பட்டியலில் உள்ள மார்ஃபின் இருக்கிறது. போட்டிக்கு முந்தைய நாள் கசகசா பாயசமும் கசகசா அரைத்த குருமாவும் வேண்டாமே. பெயர் தெரியாத லேகியம், டப்பாவில் வரும் 'பிரீ ஒர்க்அவுட்' பொடி இரண்டுமே எங்கள் கணக்கில் ஒன்று: உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

இன்சுலின் போல விடவே முடியாத மருந்து என்றால் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு கேட்க வேண்டும். தேசிய அளவில் ஆடுபவர் நாடாவிடமும், சர்வதேச அளவில் ஆடுபவர் உலக பேட்மிண்டன் கூட்டமைப்பிடமும், போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஜிப்மரில் பார்க்கிறவர்கள் ஓ.பி. சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்தால் வேலை எளிது.

மாதிரி கொடுக்கும்போது

ஆட்டம் முடிந்ததும் சோதனை அலுவலர் ஒருவர் வந்து அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துக் கேட்பார். மறுப்பதும் நழுவுவதும் 4 ஆண்டுத் தடை வரை கொண்டுபோகும். பரிசு வாங்க, அடுத்த ஆட்டம் ஆட, காயத்துக்குக் கட்டுப்போட நேரம் கேட்கலாம். ஆனால் அவர் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். இடையில் கழிவறை போகாதீர்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் அப்பா, அம்மா, கோச் யாராவது கூட வரலாம். சிறுநீர் கழிப்பதைப் பார்க்கும் அலுவலர் அதே பாலினத்தவராக இருக்க வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பதற்றத்தில் இரண்டு லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடிப்பது. சிறுநீர் நீர்த்துப்போய் அடர்த்தி 1.005-க்குக் கீழே இறங்கினால் மறுபடி கொடுக்க வேண்டும், இரவு பத்து மணியானாலும். மூடி உடையாத பாட்டிலை நீங்களே எடுத்து, சிறிது சிறிதாகக் குடியுங்கள்.

கையைத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். பல கோப்பைகளிலிருந்து ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மார்பிலிருந்து முழங்கால் வரை துணி விலக்க வேண்டும்; கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் விதி அது. 90 மி.லி. தேவை. முதலில் 'பி' குப்பியில் 30, பிறகு 'ஏ' குப்பியில் 60. அளவு குறைந்தால் அதை மூடி முத்திரையிட்டுவிட்டு மீண்டும் காத்திருக்க வேண்டும். குப்பி, மூடி, பெட்டி, படிவம் எல்லாவற்றிலும் எண் ஒன்றா என்று விரல் வைத்துப் பாருங்கள். மூடியபின் குப்பியைக் கவிழ்த்து ஒழுகவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

படிவத்தில் கடந்த 7 நாளில் எடுத்த மருந்து, சத்துமாவு, விட்டமின் எல்லாம் எழுதுங்கள். மறைத்தால் பிறகு வாதம் பலவீனமாகும். முறை தவறு ஏதாவது நடந்திருந்தால் குறிப்புப் பகுதியில் அங்கேயே எழுதுங்கள். வீடு திரும்பிய பிறகு சொன்னால் எடுபடாது. அறைக்குள் வீடியோ, படம் கூடாது. உங்கள் நகலை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். ஆய்வகத்துக்குப் போவது எண் மட்டும்தான், பெயர் போகாது.

கடிதம் வந்தால்

'ஏ' மாதிரியில் ஏதோ கிடைத்தது என்பது தீர்ப்பு அல்ல. கிளப் வாட்ஸாப் குழுவில் யார் என்ன எழுதினாலும் பதில் போடாமல் கடிதத்தில் உள்ள கெடுவைப் பாருங்கள். 'பி' மாதிரியைத் திறக்கக் கேட்கலாம், திறக்கும்போது நேரில் இருக்கலாம். மீதி மருந்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதே பேட்ச்சில் திறக்காத ஒன்று கிடைத்தால் தற்காப்புக்கு அதுவே பெரிய பலம். 4 ஆண்டுத் தடை வரக்கூடிய வழக்கில் 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்றால் ஓராண்டு குறையும். ஆனால் வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் கையெழுத்திடாதீர்கள்.

மாதிரி கொடுக்காமலேயே தடை வாங்கவும் முடியும். ஊக்கமருந்துச் சோதனைக்கான பதிவுப் பட்டியலில் இருப்பவர் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் வழக்கு. பாரா பேட்மிண்டன் சாம்பியன் பிரமோத் பகத் இப்படித்தான் 18 மாதத் தடை பெற்று 2024 பாரிஸ் போட்டியை இழந்தார்.

தடைக்காலத்தில் மாவட்டச் சங்கம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலும் ஆடக் கூடாது, சங்கத்தின் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் தரக் கூடாது. கடைசி இரண்டு மாதம் அல்லது தடையின் கடைசிக் கால்பகுதி, இதில் எது குறைவோ அந்தக் காலத்தில்தான் சங்கத்தின் அரங்கில் மறுபடி பழக அனுமதி.