வெள்ள வரைபடம் மாறும்போது வீட்டு உரிமையாளர் செய்ய வேண்டியவை: ஹூஸ்டன் பகுதியினருக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டிக்கு, 2001இல் வந்த அலிசன் புயலின் பாதிப்பைக் கண்ட பிறகு புதிய வெள்ள வரைபடங்கள் தயாரிக்கப்பட்டு, அவை 2007இல் நடைமுறைக்கு வந்தன. பத்தாண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது அந்தக் கவுண்டியில் 1,54,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள், வரைபடம் அதிக ஆபத்துள்ளதாகக் காட்டிய எல்லைக்கு வெளியே இருந்தவை. 2018இல் டெக்சாஸின் மழைக் கணக்கு திருத்தப்பட்டதில், ஹூஸ்டனில் 'நூறாண்டு மழை' என்று கருதப்பட்ட 24 மணி நேர அளவு ஏறத்தாழ 13 அங்குலத்திலிருந்து 17, 18 அங்குலமாக உயர்ந்தது. மழையின் அளவு மாறினால் வரைபடமும் மாறியே தீரும். அந்த மாற்றம் உங்கள் வீட்டைத் தொடும்போது என்ன செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி, உங்கள் வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று அறிவது. கூட்டாட்சிப் பேரிடர் நிர்வாகமான ஃபெமாவின் வரைபடச் சேவை மையத்தின் இணையதளத்தில் முகவரியை இட்டால், நடைமுறையில் உள்ள வரைபடம் கிடைக்கும். புதிய வரைபடத்தின் முன்வரைவு வெளியாகியிருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். 'ஏ' அல்லது 'வி' என்று தொடங்கும் மண்டலங்கள், 'நூறாண்டு வெள்ளம்' எட்டக்கூடிய அதிக ஆபத்துள்ள இடங்கள். 'எக்ஸ்' மண்டலத்தில் ஆபத்து குறைவு. நூறாண்டு வெள்ளம் என்றால் நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்று பலர் எண்ணுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் காலத்தில் அது 26 சதவீதமாகிவிடுகிறது. நான்கில் ஒரு வீடு என்று நினைத்துக்கொண்டால் அதன் கனம் புரியும்.

அடுத்தது நாள்கணக்கு. முன்வரைவு வெளியான பின் மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் தரப்படும். அதில் வெறும் ஆட்சேபம் நிற்காது. நில அளவையோ நீரியல் கணக்கோ ஆதாரமாக இருக்க வேண்டும். பிறகு ஃபெமா இறுதி முடிவுக் கடிதத்தை அனுப்பும். அதிலிருந்து ஆறு மாதத்தில் வரைபடம் நடைமுறைக்கு வரும். அதிக ஆபத்து மண்டலத்து வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த நாளில்தான் தொடங்குகிறது, அதுவும் கூட்டாட்சி ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வங்கியில் கடன் உள்ளவர்களுக்கு. வங்கியின் கடிதம் வந்த 45 நாளுக்குள் நீங்கள் பாலிசி எடுக்காவிட்டால், வங்கியே ஒன்றை எடுத்து உங்கள் தலையில் கட்டிவிடும். அதன் கட்டணம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பாதுகாப்போ முதன்மையாக வங்கிக்குத்தான்.

ஆகவே, வங்கியின் கடிதம் வரும்வரை காத்திராமல் காப்பீட்டு முகவரிடம் விலை கேளுங்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்காது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலரும், உள்ளே இருக்கும் பொருள்களுக்குத் தனியாக 1,00,000 டாலரும் கிடைக்கும். பொருள்களுக்கான காப்பீட்டை நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும். பொதுவாகப் பாலிசி செயல்பட 30 நாள் ஆகும். வரைபட மாற்றத்தால் புதிதாக ஆபத்து மண்டலத்துக்குள் வந்த வீட்டுக்கு, மாற்றம் நடந்த 13 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் மறுநாளே செயல்படும். 2021 அக்டோபர் முதல், மண்டலத்தைக் கொண்டல்லாமல் அந்தந்த வீட்டின் ஆபத்தைக் கொண்டே கட்டணம் கணக்கிடப்படுகிறது. கட்டாயத்தை மட்டும் இன்றும் மண்டலமே தீர்மானிக்கிறது. புதிதாக மண்டலத்துக்குள் வந்தவர்கள் 12 மாதத்துக்குள் பாலிசி எடுத்தால் முதலில் தள்ளுபடி விலை கிடைக்கும். முதன்மை வீட்டுக்கு அது ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பாலிசியை இடையில் காலாவதியாக விட்டால் இந்தச் சலுகை போய்விடும். நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

உங்கள் நிலம் மேடாக இருந்தும் வரைபடம் அதைத் தாழ்வாகக் காட்டுகிறது என்றால், லோமா எனப்படும் வரைபடத் திருத்தக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஃபெமா இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. உரிமம் பெற்ற சர்வேயருக்குத்தான் செலவாகும். அவர் வீட்டைச் சுற்றி வந்து, சுவரைத் தரை தொடும் இடங்களில் அளவுகோலை ஊன்றி உயரம் எடுப்பார். பெரும்பாலும் பின்பக்கம் ஏசி இயந்திரம் நிற்கும் மூலையோ, கராஜ் ஓரமோ மிகத் தாழ்ந்த புள்ளியாக அமையும். அடிப்படை வெள்ள மட்டம், அதாவது நூறாண்டு வெள்ளம் எட்டும் உயரம், 82.4 அடி என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாழ்ந்த புள்ளி 82.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் விண்ணப்பம் ஏற்கப்படும், 82.3 என்றால், வீட்டின் உள்தளம் 84 அடியில் இருந்தாலும் ஏற்கப்படாது. மண் கொட்டி உயர்த்திய நிலத்துக்கு வேறு விண்ணப்பம் உண்டு. அதற்குக் கட்டணமும் உண்டு. அளவெடுக்கப் பணம் கொடுக்கும் முன், உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே எலிவேஷன் சர்டிஃபிகேட் (வீட்டின் உயர அளவுகளைப் பதிந்த சான்றிதழ்) இருக்கிறதா என்று நகர அல்லது கவுண்டி வெள்ளச் சமவெளி அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். முழு விவரமும் ஃபெமாவிடம் சேர்ந்த 60 நாளுக்குள் பொதுவாக முடிவு வந்துவிடும்.

முன்பே லோமா பெற்றவர்களும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. புதிய வரைபடம் வரும்போது பழைய கடிதம் செல்லுமா, செல்லாதா என்பது மீண்டும் முடிவு செய்யப்படும். உங்கள் கடிதம் நீடிக்கிறது என்று உறுதியானால், அதன் நகலை வங்கிக்கு அனுப்பி, கட்டாயத்தை விலக்கியதாக எழுத்தில் வாங்குங்கள். லோமா இருந்தாலும் காப்பீடு கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. விலக்கு கிடைத்துவிட்டாலும் பாலிசியை உடனே நிறுத்த வேண்டாம். குறைந்த ஆபத்துப் பகுதிக்குரிய விலை என்ன என்று முகவரிடம் கேட்டுவிட்டு, பிறகு முடிவெடுங்கள்.