உமிழ்நீர் மாவுச்சத்தைச் செரிப்பதை வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

சோற்றில் உள்ள மாவுச்சத்து, ஏராளமான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. அந்த அளவில் அது குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர முடியாது. அதை வெட்டும் வேலையை வாயிலேயே தொடங்கிவைப்பது உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி. அந்த வெட்டு நடப்பதை, மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலைக் கொண்டே கண்ணால் பார்த்துவிடலாம்.

முதல் படி, மாவுக்கரைசல். அரைத் தேக்கரண்டி அரிசி மாவை 100 மி.லி. தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். வேகாத மாவின் துகள்கள் இறுகியிருப்பதால் நொதி அவற்றுள் எளிதில் புகாது; ஆகவே கொதிக்கவைப்பதை விட்டுவிடக் கூடாது.

அடுத்து உமிழ்நீர். வாயை நன்றாகக் கொப்பளித்தபின், 10 மி.லி. வெதுவெதுப்பான நீரை ஒரு நிமிடம் வாயில் வைத்திருந்து கிண்ணத்தில் உமிழுங்கள். அதில் பாதியைச் சோதனைக்குழாயில் ஊற்றி, கொதிக்கும் நீரில் 10 நிமிடம் நிறுத்தி, பிறகு ஆறவிடுங்கள். அவரவர் உமிழ்நீரை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இப்போது மூன்று சிறு கண்ணாடிக் குவளைகளிலும் இரண்டிரண்டு தேக்கரண்டி மாவுக்கரைசலை ஊற்றுங்கள். முதலாவதில் ஒரு தேக்கரண்டி தண்ணீரும், இரண்டாவதில் அதே அளவு உமிழ்நீரும், மூன்றாவதில் கொதித்து ஆறிய உமிழ்நீரும் சேர்த்து, மூன்றையும் உடல் வெப்பநிலையை ஒத்த, ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் நீரில் நிறுத்துங்கள்.

வெளிர்பழுப்பாகும் வரை தண்ணீர் கலந்த அயோடினை, வெள்ளைப் பீங்கான் தட்டில் வரிசையாகச் சொட்டுங்கள். இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு குவளையிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து அதன்மேல் விடுங்கள். ஒவ்வொரு முறையும் சொட்டுக்குழாயைக் கழுவ வேண்டும். மாவுச்சத்துச் சங்கிலி சுருள்வடிவம் கொண்டது. அச்சுருளின் உட்குழிவில் அயோடின் அமரும்போதுதான் கருநீலம் தோன்றுகிறது. சங்கிலி துண்டாகத் துண்டாக, இரண்டாம் குவளையின் சொட்டு கருநீலத்திலிருந்து ஊதாவுக்கும், பின்பு செம்பழுப்புக்கும் மாறி, இறுதியில் நிறமாற்றமின்றி அயோடினின் சொந்தப் பழுப்பிலேயே நின்றுவிடும். இதற்கு ஆகும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். அமைலேஸுக்குரிய மரபணு எத்தனை நகல்களாக இருக்கிறது என்பதே மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது.

மற்ற இரண்டும் கருநீலமாகவே நீடிக்க வேண்டும். மூன்றாவது குவளையைப் பலரும் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுவே இச்சோதனையின் உயிர். கொதிநிலையில் நொதிப்புரதத்தின் வடிவம் குலைந்து அது செயலிழந்துவிடுவதால், மாற்றத்துக்குக் காரணம் உமிழ்நீரின் ஈரமோ நீர்த்தலோ அன்று, நொதியே என்பதை அந்தக் குவளைதான் உறுதிப்படுத்துகிறது.

விருப்பமிருந்தால் நான்காவது குவளையில், உமிழ்நீருக்கு முன்பாகச் சிறிது வினிகர் சேர்த்துப் பாருங்கள். அமிலத்தில் அமைலேஸ் முடங்கிவிடும். எலுமிச்சைச்சாறு மட்டும் வேண்டாம்: அதிலுள்ள வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே போக்கிவிடுவதால், மாவு செரித்துவிட்டது போன்ற பொய்த்தோற்றம் உண்டாகும்.

உண்ட உணவு இரைப்பை அமிலத்தில் நன்கு கலந்ததும் உமிழ்நீர் அமைலேஸ் இவ்வாறே ஓய்ந்துவிடுகிறது. மிச்சமுள்ள மாவுச்சத்தை முன்சிறுகுடலில் கணைய அமைலேஸ் வெட்டுகிறது. உமிழ்நீரில் அமைலேஸ் அநேகமாக இல்லாத மாட்டுக்கும் கணையத்தில் இந்நொதி உண்டு. தட்டில் நிறம் மாறாமல் நின்ற சொட்டில் இருப்பது பெரும்பாலும் மால்டோஸும் சிறு துண்டுகளுமே. அவற்றைச் சிறுகுடற்சுவரில் பதிந்துள்ள மால்டேஸ் முதலான நொதிகள் குளுக்கோஸாகப் பிரித்த பிறகே உடல் உறிஞ்சிக்கொள்கிறது.