முதல் முறை மாலை போடுகிறீர்களா? சாமி வேட்டி வாங்குவதும் சாயத்தை அடக்குவதும்

ஐப்பசி பாதி தாண்டினால் ஜவுளிக்கடை வாசல்களில் கருப்பும் நீலமும் காவியும் தொங்க ஆரம்பித்துவிடும். கார்த்திகை முதல் தேதி, அதாவது நவம்பர் 16 அல்லது 17, பெரும்பாலானோர் ஐயப்பனுக்கு மாலை போடும் நாள். அன்று காலையில் கடை மடிப்புக்கூடக் கலையாத புது வேட்டியைக் கட்டிக்கொண்டு கோவிலுக்குக் கிளம்புகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. விரத முறைகளை உங்கள் குருசாமி சொல்வார். நான் துணி விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் நிறம்

கடைக்குப் போவதற்கு முன்னால் குருசாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முதல் முறை மாலை போடும் கன்னிசாமிக்குக் கருப்பு என்பதுதான் நம் பக்கம் பரவலான வழக்கம். நீலத்தையும் பல குழுக்கள் ஏற்கும். காவி, பல வருஷம் மலைக்குப் போனவர்களுக்கு என்று சில குழுக்களில் கண்டிப்பாகச் சொல்வார்கள். வேறு சில குழுக்களில் எல்லோருமே காவிதான். கருப்பும் நீலமும் சனிக்குரிய நிறங்கள், ஐயப்பனை வேண்டினால் சனியின் பிடி தளரும் என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம்.

இதே பருவத்தில் மற்ற கோவில்களுக்கும் மாலை போடுவார்கள். மேல்மருவத்தூருக்குச் சிவப்பு. தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்களுக்குப் பச்சை அல்லது காவி. மாசி, பங்குனியில் சமயபுரம் போகிறவர்கள் மஞ்சளுக்கு மாறிவிடுவார்கள். மார்கழியில் பேருந்து நிலையத்தில் நின்றால் யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பதை வேட்டியையும் சேலையையும் பார்த்தே சொல்லிவிடலாம். கருப்பு கட்டிக்கொண்டு பழனிக்கு நடந்தால் குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் வழியெல்லாம் "சபரிமலையா சாமி?" என்று கேட்பார்கள்.

எதை வாங்குவது

நாலு முழ ஒற்றை வேட்டி போதும். எட்டு முழம் படியேறும்போது காலைத் தடுக்கும். இரண்டு செட் என்று கடைக்காரர் எடுத்து வைப்பார், நீங்கள் மூன்றாக வாங்குங்கள். காலை, மாலை இரண்டு குளியல், ஒவ்வொரு முறையும் துவைத்த துணி. கார்த்திகையோ அடைமழைக் காலம், கொடியில் போட்டது மறுநாளும் ஈரமாகவே இருக்கும்.

பாலியஸ்டர் சாயம் விடாது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனாலும் நான் பருத்திதான் வாங்கச் சொல்வேன். சபரிமலையில் நெய்த் தேங்காய் எரியும் ஆழி என்ற தீக்குண்டத்துக்குப் பக்கத்தில், கூட்டத்தின் நடுவே கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் எல்லாம் நிற்கப் போகிறீர்கள். பாலியஸ்டரில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். இடுப்பில் வெல்க்ரோ வைத்த ஒட்டிக்கோ வேட்டியும் வேண்டாம். சாதாரண வேட்டி, அதன் மேல் பச்சை பெல்ட், அவ்வளவுதான்.

சாயம்

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். "கெட்டிச் சாயம் சார், போகவே போகாது" என்பார்கள். நம்பாதீர்கள். வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைத்து வேட்டியின் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் கருப்பு ஏறினால் அந்தக் கருப்பு உங்கள் இடுப்பிலும், பனியனிலும், விரதத்துக்காக விரிக்கும் பாயிலும் ஏறும். பம்பையில் முங்கி எழுந்தால் பக்கத்தில் நிற்கும் சாமியின் துண்டிலும்!

அதனால் மாலை போடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வாங்கி, இப்படிச் செய்யுங்கள்.

பெரிய வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, வேட்டியை முழுதாகப் பிரித்துப் போட்டு அலசுங்கள். தண்ணீர் கருத்ததும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். வடியும் தண்ணீர் ஏறக்குறையத் தெளியும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சோம்பல்பட்டு இரவெல்லாம் ஊறவைத்தால், இழையில் பிடிக்காமல் மிதக்கும் சாயம் மடிப்புகளில் திரும்பப் படிந்து திட்டுத் திட்டாகிவிடும்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாயப்பட்டறைத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, அது சாயத்தைப் பருத்தி இழைக்குள் ஏற்ற உதவும். துணி நம் கைக்கு வந்தபிறகு உப்பு போட்டுப் பெரிதாக ஒன்றும் நடக்காது. வினிகரும் அப்படித்தான், பருத்தியில் அதற்கு வேலை இல்லை. அலசல்தான் வழி.

சோப்பு விஷயத்தில் எனக்குப் பிடித்தது பூந்திக்கொட்டைத் தண்ணீர். இல்லையென்றால் மென்மையான திரவ சோப்பு. பிளீச்சிங் பவுடர் மட்டும் கிட்டவே வரக்கூடாது. பருத்தியைக் கருப்பாக்கப் பெரும்பாலும் கந்தகக் கருப்புச் சாயம் போடுவார்கள், குளோரின் பட்டால் அது பழுப்பாகிவிடும். நிழலில் காயப்போடுங்கள். காய்ந்ததும் மறுபடி கைக்குட்டைச் சோதனை. லேசாக ஒட்டினால் பரவாயில்லை. நன்றாகக் கருத்தால் இன்னொரு சுற்று.

வாஷிங் மெஷின் வேண்டாம். சாயம் ஒருபுறம் இருக்கட்டும், விரதத் துணியை மற்ற துணிகளோடு போடக்கூடாது என்று வீட்டில் சண்டை வரும்.

அலுவலகம்

சீருடை கட்டாயம் என்றால் சீருடையில் போய்விட்டு, வீடு திரும்பிக் குளித்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று பல குருசாமிகள் அனுமதிக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் மணிகண்டன்களுக்கும் அதேதான். இதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், மாலை போட்ட பிறகு வாதாட வேண்டாம்.

பின்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் வந்தவை

கருநீலமும் சாயம் விடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். விடும், அதற்கும் இதே அலசல்தான்.

பழனிக்கு நடக்கும் ஒருவர் நான் விட்டுப்போன ஒன்றைச் சொன்னார். அடர்பச்சை, கருப்பு எல்லாம் இரவு நெடுஞ்சாலையில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வெளிச்சம் பட்டால் மின்னும் ஒட்டுப்பட்டையைத் தோள்பையின் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று லாரிக்கு முன்னால் நடக்காதீர்கள்.

மாலை கழற்றியபின் வேட்டியை என்ன செய்வது? கரித்துணியாக்க வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். துவைத்து, நன்றாகக் காயவைத்து, தனியாக மடித்து வையுங்கள். கருப்புத் துணி மடிப்புக் கோட்டில்தான் முதலில் வெளுக்கும் என்பதால் நடுவில் ஒருமுறை எடுத்து வேறுமாதிரி மடித்தால் அடுத்த கார்த்திகைக்கும் கட்டலாம்.