ரே டிரேசிங் போடலாமா, வேண்டாமா?

ரே டிரேசிங் என்றால், கேமில் ஒளிக்கதிர் போகும் பாதையைக் கணக்குப் போட்டு பிம்பம், நிழல் எல்லாம் வரைவது. கன்சோலில் அதைப் போட்டால் பெரும்பாலும் ஃபிரேம், அதாவது நொடிக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கை, குறையும். முதலில் உங்கள் டிவி எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை முறை திரையைப் புதுப்பிக்கும் என்று பாருங்கள். என்னுடையது பழைய 60 ஹெர்ட்ஸ். அதனால் 40 ஃபிரேம் மோட் எனக்குக் கிடையாது. அதற்கு 120 ஹெர்ட்ஸ் டிவி வேண்டும். மிச்சம் பெரும்பாலும் ரே டிரேசிங்கோடு 30, அல்லது அது இல்லாமல் 60.

60 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான். அதற்குள் கதிர்க் கணக்கையும் முடிப்பது கஷ்டம். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் இருப்பது சிப் நிறுவனமான ஏஎம்டியின் ஆர்டிஎன்ஏ 2 வகை கிராபிக்ஸ். கேம் உலகம் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது; தேட வசதியாக அவற்றைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கியிருப்பார்கள். ஒளிக்கதிர் எந்தப் பெட்டியில், எந்த முக்கோணத்தில் படுகிறது என்று கணக்குப் போட மட்டும் தனி வன்பொருள் உண்டு. அடுத்து எந்தப் பெட்டிக்குள் போவது என்று தேடுவது ஷேடரின், அதாவது மற்ற கிராபிக்ஸ் வேலைகளையும் செய்யும் பொதுப் பகுதியின், தலையில். போட்டி நிறுவனமான என்விடியா அதற்கும் தனி வன்பொருள் வைத்தது. ஆனால் அது சிப்பில் இடத்தை அடைக்கும். ஏஎம்டியின் இந்தச் சிப்பில் கதிர்க் கணக்கு, பொருள்களின் மேல்பரப்புப் படத்தைப் படித்துத் தரும் டெக்ஸ்சர் யூனிட்டோடு பாதையைப் பகிர்கிறது: ஒரு கிளாக்கில் (சிப்பின் ஒரு துடிப்பில்) ஒன்று இது, இல்லை அது. கன்சோல் விலைக்கு இது நியாயமான சிக்கனம் என்பேன்.

சரி, கேமில் தேங்கிய நீர் முன்னால் நில்லுங்கள். எதிரே இருக்கும் கட்டடம் நீரில் தெரியும். கேமராவை மெல்லக் கீழே சாயுங்கள். கட்டடம் திரையை விட்டுப் போனதும் பிம்பமும் அழிந்தால் அது திரையில் உள்ளதை வைத்துச் செய்யும் ஏமாற்று வேலை. ரே டிரேசிங் என்றால் பிம்பம் அப்படியே நிற்கும்.

அந்த வித்தியாசம் உங்களை உறுத்தவில்லையா? அணைத்துவிட்டு 60-ல் ஆடுங்கள். நான் கார் ரேஸுக்கு எப்போதும் அணைத்துவிடுவேன். ஊர் சுற்றும் கேம், அதுவும் மழை இரவு என்றால், 30 போதும்.