கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிறீர்களா? ரொரன்ரோவில் இருந்து யாழ்ப்பாணம் வரை சில விஷயங்கள்

முதல் தடவை மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனபோது அவனுக்குப் பதினாலு மாதம். ரொரன்ரோவில் இருந்து டோகா, அங்கே நாலு மணித்தியாலம் காத்திருப்பு, பிறகு கட்டுநாயக்கா. வழி முழுக்க அவனைப் பெல்ற்றால் கட்டி, குலுக்கம் வந்தால் இறுக்கிப் பிடித்து, கை துடைத்து, மேசை துடைத்துக் கொண்டுபோனோம். விடிய மூன்று மணிக்கு வெளியே வந்தால் அத்தை, சித்தப்பா, அவருடைய பிள்ளைகள் என்று ஒரு ஹயஸ் வான் நிறைய ஆட்கள். ஏறினோம். பிள்ளை அப்பம்மாவின் மடியில். பெல்ற் எங்கே என்று தேடினேன், சீற் உறைக்கு அடியில் எங்கேயோ போயிருந்தது. "ஒண்டும் நடக்காது, இருங்கோ" என்றார்கள். அப்படியே 400 கிலோமீற்றர். புத்தளம் தாண்டியதும் டிரைவர் கொட்டாவி விடத் தொடங்கினார்.

அதனால்தான் சொல்கிறேன், பிளேனைப் பற்றிப் பயப்படுவதில் பாதியை அந்த வானுக்காக ஒதுக்கி வையுங்கள். ஆகாயத்தில் பிள்ளைக்கு வரக்கூடிய பிரச்சினை பெரும்பாலும் காதுவலி, தடிமன், தண்ணீர் குறைவது, சூடான தேநீர் மேலே ஊற்றுப்படுவது, இவ்வளவுதான். பெரிய ஆபத்து தரையில் இருக்கிறது, அதுவும் நாங்கள் களைத்துப்போய் "அப்பாடா வந்து சேர்ந்தாச்சு" என்று மூச்சு விடுகிற நேரத்தில்.

சரி, டிக்கெட்டில் இருந்து தொடங்குவோம். இரண்டு வயதுக்குக் கீழ் மடியில் வைத்துக்கொள்ளலாம், காசும் குறைவு. ஆனால் இரண்டு வயதுப் பிறந்தநாள் ஊரில் நிற்கும்போது வந்தால் திரும்பி வரும் பயணத்துக்குத் தனி சீற் எடுக்க வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. கையில் காசு இருந்தால் போகும்போதே தனி சீற் எடுத்து, கார் சீற்றை பிளேனுக்குள் கொண்டுபோய்ப் பூட்டுங்கள். குலுக்கம் வந்தால் கையால் பிடித்து வைத்திருக்க முடியாது, எவ்வளவு பலசாலி அப்பாவாக இருந்தாலும். விமானத்தில் பாவிக்கலாம் என்று கார் சீற்றின் லேபிளில் எழுதியிருக்க வேண்டும், அதைப் படம் எடுத்துக் கைத்தொலைபேசியில் வைத்திருங்கள், வாசலில் கேட்பார்கள். முதுகில்லாத பூஸ்டர் சீற் ஏறும்போதும் இறங்கும்போதும் உதவாது. தனி சீற்றுக்கு வழியில்லை என்றால் டிக்கெட் போட்ட அன்றே விமான நிறுவனத்துக்கு அடித்துத் தொட்டில் கேளுங்கள். ஒரு விமானத்தில் நாலைந்துதான் இருக்கும், நிறை அளவும் உண்டு, பெரும்பாலும் பத்துப் பதினொரு கிலோவோடு நின்றுவிடும், எங்கள் பிள்ளைகள் சிலருக்கு எட்டாவது மாதத்திலேயே அந்தக் கதை முடிந்துவிடும்.

பயணத்துக்கு ஆறு கிழமைக்கு முதல் குடும்ப டொக்டரைப் பாருங்கள். கடைசிக் கிழமை போய்க் கேட்டால் ஊசியின் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம், உடம்பு தயாராக நாள் வேண்டும். ஒரு வயதுக்குப் போடும் சின்னமுத்து ஊசியைப் பயணம் போகும் பிள்ளைக்கு ஆறு மாதத்திலேயே ஒருக்கால் முன்கூட்டிப் போடலாம், கேட்டால்தான் போடுவார்கள். நெருப்புக்காய்ச்சல் ஊசி இரண்டு வயதில் இருந்துதான். மலேரியாக் குளிசை வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 2016 இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது, அங்கே மட்டும் போவதானால் அது தேவையில்லை. வழியில் இந்தியாவில் தங்குகிறீர்கள் என்றால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள், அங்கே கணக்கு வேறு. பயணக் காப்புறுதியில் பிள்ளையின் பெயரும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காதுவலிதான் பிளேனில் பிள்ளை வீரிட்டு அழ முக்கிய காரணம். ஏறும்போதை விட இறங்கும்போதுதான் மோசம். காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது ஒடுக்கம், விமானம் இறங்க இறங்க விமானத்துக்குள்ளே காற்றமுக்கம் கூடும், குழாய் திறக்காவிட்டால் செவிப்பறை உள்ளுக்கு இழுபடும். விழுங்கினால் திறக்கும். ஆகவே ஒரு போத்தல் பாலை இறங்கும் நேரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். தரை தட்டுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முதலே, விமானி இறங்கத் தொடங்குகிறோம் என்று சொன்னவுடன், தாய்ப்பாலோ போத்தலோ சூப்பியோ கொடுக்கத் தொடங்குங்கள். நாங்கள் செய்த பிழை, பிள்ளை நித்திரை, பாவம் எழுப்பக்கூடாது என்று விட்டது. கொழும்புக்கு மேலே அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எழுப்புங்கள், பரவாயில்லை. பெரிய பிள்ளைக்கு ஸ்ட்ரோவால் தண்ணீர் உறிஞ்சக் கொடுக்கலாம், ஆனால் நாலு வயதுக்குக் கீழ் கட்டி இனிப்பு வேண்டாம், புரைக்கேறும். பயணத்துக்கு முதல் நாள் கடும் தடிமனோ காது நோவோ இருந்தால் டொக்டர் காதுக்குள் பார்க்காமல் ஏறாதீர்கள்.

அப்புறம் இந்தப் பாணி மருந்து விஷயம். "தடிமன் பாணி ஒரு கரண்டி குடுங்கோ, டோகா மட்டும் படுப்பான்" என்று சொல்ல ஒரு மாமியாவது எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். கொடுக்காதீர்கள். அளவு பிசகினால் மூச்சையே பாதிக்கும், சில பிள்ளைகளுக்கு நேர் எதிராக வேலை செய்து பன்னிரண்டு மணித்தியாலமும் துள்ளிக்கொண்டிருக்கும்.

விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது, ஈரப்பதன் 20 சதவீதத்துக்கும் கீழ். வழக்கத்தை விடக் கூடுதலாகப் பால் கொடுங்கள். பம்பர்ஸ் ஐந்தாறு மணித்தியாலமாகக் காய்ந்தே கிடந்தால் அதுதான் உடம்பில் தண்ணீர் குறைந்ததற்கு அறிகுறி. பால் மா கரைக்கப் போத்தல் தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள், கழிவறைக் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு பிள்ளையின் பாலுக்கும் மருந்துக்கும் இல்லை, ஆனால் பையை வைக்கும்போது நீங்களாகவே எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். பிள்ளையை நடைபாதைப் பக்கம் இருத்தாதீர்கள், சாப்பாட்டு வண்டி கையை நசுக்கும். மடியில் பிள்ளை இருக்கும்போது உங்களுக்குத் தேநீர் வேண்டாம், எனக்கு அது பெரிய தண்டனையாகத்தான் இருந்தது.

மருந்துப் பை கையோடு வர வேண்டும், சூட்கேஸில் அல்ல. பரசிற்றமோல், அளவு ஊசிக்குழல், வெப்பமானி, ஜீவனி மாதிரி உப்புச் சீனிக் கரைசல் பக்கெற், இழுப்பு இருந்தால் பம்பும் அதன் குழாயும், கச்சான் ஒவ்வாமை இருந்தால் ஊசி இரண்டு, எல்லாம் பெயர் ஒட்டிய பெட்டியோடும் மருந்துச்சீட்டோடும். இரண்டு நாளுக்கு மாற்றுடுப்பு பிள்ளைக்கு வைப்பீர்கள், உங்களுக்கும் ஒரு மேற்சட்டை வையுங்கள். பிள்ளை சத்தி எடுப்பது உங்கள் மேலேதான்.

இனி வான். கார் சீற்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள், பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதை இலவசமாகவே ஏற்றும். ஊர் வாகனங்களில் கனடாவில் கொழுவுவது போல் கொழுவி இருக்கும் என்று நம்ப வேண்டாம், ஆகவே பெல்ற்றால் மட்டும் பூட்டுவதை வீட்டிலேயே நாலு தரம் பழகுங்கள். வான் பேசும்போது பின் சீற் பெல்ற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டாம் தடவை போனபோது நாங்கள் நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கினோம், விமான நிலையத்தில் இருந்து அரை மணித்தியாலம் கூட இல்லை. குளித்து, படுத்து, காலமை வெளிச்சத்தில் வெளிக்கிட்டோம். டிரைவரும் படுத்து எழும்பியவர். அந்த ஒரு இரவுச் செலவு இந்த முழுக் கட்டுரையிலும் நான் சொல்லும் மிகப் பெறுமதியான செலவு. சொந்தக்காரரிடம் வானில் எல்லோரும் வர வேண்டாம் என்று சொல்வது சங்கடம்தான், ஆனால் பதினாலு பேர் ஏறிய வானில் கார் சீற்றுக்கு இடம் எங்கே? ரயிலில் போவதும் நல்லது, பிள்ளை எழும்பி நடக்கலாம், திறந்த கதவடியில் மட்டும் விடாதீர்கள்.

வீட்டுக்குப் போன முதல் நாலைந்து இரவும் கவனம். ரொரன்ரோவுக்கும் இலங்கைக்கும் கோடையில் ஒன்பதரை, மாரியில் பத்தரை மணித்தியால வித்தியாசம். பிள்ளை இரவு இரண்டு மணிக்குப் பகல் போல முழித்து எழும்பும், நீங்கள் பிணம் மாதிரிப் படுத்திருப்பீர்கள். ஊர் வீட்டில் கிணறு இருக்கிறது, பல கிணற்றுக்கட்டு ஒரு மூன்று வயதுப் பிள்ளை ஏறக்கூடிய உயரம்தான். மேல் தாழ்ப்பாளைப் போடுங்கள், ஒருவர் மாறி ஒருவர் முழித்திருங்கள். கிணற்றுக்கு வலை அடித்துத் தரும்படி போவதற்கு முதலே மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.

கிணறு என்றதும் தண்ணீரும் ஞாபகம் வருகிறது. கொதித்தாறிய தண்ணீர் என்றால் எல்லாம் சரி என்று நினைப்போம். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழிகளில் இருந்து ஊறுவதும் நேரே கீழே இறங்குகின்றன, பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். பெரியவர்களை விட, பால் மா குடிக்கும் ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத்தான் இது ஆபத்து, இரத்தம் ஒட்சிசன் காவ முடியாமல் உடம்பு நீலம் பாயும். அவர்களுக்குத் தரச்சின்னம் போட்ட போத்தல் தண்ணீரையே, அதையும் கொதிக்க வைத்துக் கொடுங்கள். அப்பம்மா கோபிப்பார், "இந்தத் தண்ணியிலதானே உன்ர அப்பன் வளர்ந்தவன்" என்பார். அப்போது இவ்வளவு உரம் போடவில்லை, அப்பம்மா.

நுளம்பும் எங்கள் விடுமுறையும் நல்ல பொருத்தம். ஜூலையில் போனால் கொழும்புப் பக்கம் டெங்குக் காலம், டிசம்பரில் போனால் மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்குக் காலம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, விடியவும் பொழுதுபடவும் கூட. பகல் நித்திரைக்கும் வலை கட்டுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்: கனடாவில் காய்ச்சல் என்றதும் அட்வில் கொடுத்துப் பழகிவிட்டோம், ஊரில் காய்ச்சலுக்கு அட்வில், நியூரோஃபென், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிற்றமோல் மட்டும், பிள்ளையின் நிறைக்குத் தக்க அளவில். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைக்கவும் கூடாது, டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. வயிற்றுநோ, விடாத சத்தி, முரசில் இரத்தம், சோர்ந்து கிடத்தல் என்றால் உடனே பெரியாஸ்பத்திரி. 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ பதினைந்து நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரி, வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள்.

திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், இங்குள்ள டொக்டர் பள்ளிக்கூடத்துத் தடிமன் என்றுதான் முதலில் நினைப்பார். உள்ளே போனதும் முதல் வசனமாக இலங்கையில் இருந்து வந்து இத்தனை நாள் என்று சொல்லுங்கள்.